கட்டிய கையும் வரைந்த கையும்: தையல் கப்பல்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழில் 'கட்டு' என்கிற வினைக்கு இரண்டு பொருள் உண்டு. கயிற்றால் பிணைப்பதும் கட்டுவதுதான். வீட்டையோ கப்பலையோ உருவாக்குவதும் கட்டுவதுதான். எது முதலில் வந்தது என்று அகராதிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கட்டுமரம், மலையாளத்துக் கெட்டுவள்ளம் ஆகிய சொற்களில் இரண்டு பொருளும் இன்னும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆணி அடிக்காமல் பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கலங்கள் இந்தியப் பெருங்கடலில் இரண்டாயிரம் வருஷமாவது ஓடியிருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டு 'பெரிப்ளூஸ்' அவற்றைக் குறிப்பிடுகிறது. அரபுப் பயணிகள் திரும்பத்திரும்பச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரை 1980 தொடங்கி மூன்று தடவை நடந்த ஒரு காரியத்தைப் பற்றியது. மூன்று தடவையும் ஓர் அரசாங்கம் பணம் போட்டு, தைத்த பாய்க்கப்பல் ஒன்றைப் புதிதாகக் கட்டச் சொல்லி, கடலில் ஓட்டிக் காட்டியது. ஓமானின் 'சோஹார்' 1980இல். ஓமானிலிருந்தே 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' 2010இல். இந்தியக் கடற்படையின் 'கௌண்டின்யா' 2025இல். மூன்றுமே ஒரு தடவைக்காகத் திட்டமிட்டு, கணக்குப் போட்டு, தேதி குறித்துக் கட்டியவை. என் கேள்வி சாதாரணமானது. இவற்றின் திட்டம் எங்கே இருந்தது? தாளிலா, கையிலா? தாளில் இருந்தது என்றால் வரைந்தவனே கப்பலைக் கட்டியவன். கையில் இருந்தது என்றால், கூலி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவனோடு திட்டமும் ஊர் திரும்பிவிட்டது. கப்பல் மட்டும்தான் அரசாங்கத்திடம் மிஞ்சியது.

2

வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நவீன ஐரோப்பியக் கப்பல்தளத்தில் ஏராவை (அடிமரத்தை) வைத்து, வங்குகளை (விலா மரங்களை) நிறுத்தி, அந்த எலும்புக்கூட்டின் மேல் பலகை போர்த்துவார்கள். எலும்புக்கூட்டின் வளைவு ஒவ்வொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வரைபடம் முதலில், மரம் பிறகு. யோசிப்பவன் ஒருத்தன், செய்பவன் இன்னொருத்தன் என்கிற பிரிவினை இந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தையல் கலத்தில் வரிசை தலைகீழ். ஏராவும் முன்பின் அணிய மரங்களும் நின்றதும் பலகை ஏற ஆரம்பித்துவிடும். ஒரு பலகையின் விளிம்பை அடுத்ததன் விளிம்போடு ஒட்டி, இரண்டிலும் எதிரெதிராகத் துளை போடுகிறார்கள். உட்பக்கத்தில் பொருத்தின் மேல் நாரைச் சுருட்டித் திணிக்கிறார்கள். உள்ளே ஓர் ஆள், வெளியே ஓர் ஆள். கயிறு குறுக்கும் நெடுக்குமாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் தடியைக் கொடுத்து முறுக்கி இறுக்கியாக வேண்டும். பிறகு துளைகளை அடைத்து, மேலே மீன் எண்ணெயோ பிசினோ பூச வேண்டும். பலகைகள் சேர்ந்து கலத்தின் உடம்பு உருவான பிறகுதான் வங்கு உள்ளே போகிறது. அதாவது கலத்தின் வளைவைத் தீர்மானிப்பது பலகை. பலகையைத் தீர்மானிப்பது ஓடாவியின் கண். படம் வேண்டுமானால் முடிந்த கப்பலை அளந்துதான் வரைய முடியும். படம் இங்கே கடைசியில் வருகிற ஒன்று.

அப்படியானால் திட்டமே இல்லையா? இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சீராஃப் நகரத்து அபூ ஸைத் எழுதிவைத்த ஒரு செய்தி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஓமான்காரர்கள் தச்சுக் கருவிகளோடு தென்னை வளரும் தீவுகளுக்குப் போகிறார்கள். தென்னையை வெட்டிக் காயப்போட்டுப் பலகை அறுக்கிறார்கள். மட்டை நாரில் கயிறு திரித்து அந்தப் பலகையைத் தைக்கிறார்கள். பாய்மரமும் தென்னைதான், பாய் அதன் ஓலை. கடைசியில் தேங்காயையே சரக்காக ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். இதில் மூலப்பொருள், ஆள், கருவி, வேலை வரிசை, திரும்பும் பயணத்தின் வரும்படி எல்லாம் அடங்கிய ஒரு முழுத்திட்டம் இருக்கிறது. ஒரு கோடு வரையவில்லை. அவ்வளவுதான்.

கை அறிவு புனிதம், தாள் அறிவு பாவம் என்று சொல்ல வரவில்லை. தைத்த கப்பலைப் பற்றிப் பழைய ஆட்களிடமே ஒருமித்த கருத்து கிடையாது. மார்கோ போலோ ஹோர்முஸ் துறைமுகத்தில் பார்த்துவிட்டு, படுமோசம், ஏறுவது ஆபத்து என்கிறார். இபின் பதூதா, ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது நெகிழ்ந்து தாங்கும் என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒருத்தர் ஆழ்கடலை நினைத்துப் பேசுகிறார். இன்னொருத்தர் கரையை நினைத்துப் பேசுகிறார். சென்னைக்கு அலைதடுப்புத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. அதுவரை தூரத்தில் நின்ற கும்பினிக் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. அதுவும் தைத்ததுதான், வங்கு இல்லாதது. கவர்னர் முதல் குமாஸ்தா வரைக்கும் சென்னையில் கால் வைத்தது கயிற்றுத் தையலை நம்பித்தான்.

3

இப்போது 'சோஹார்'. டிம் செவெரின் ஒரு பயண எழுத்தாளர். 1976–77இல் தோல் போர்த்திய படகில் அட்லாண்டிக்கைக் கடந்து பெயர் வாங்கியவர். அடுத்து சிந்துபாத் கதைகளின் வழியில் ஓமானிலிருந்து சீனா போக வேண்டும் என்று கிளம்பினார். சுல்தான் காபூஸ் ஆதரவு கொடுத்தார். கப்பலை வரைந்தவர் காலின் மூடி என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். கட்டுமிடம் ஓமானின் சூர் கடற்கரை. சூர் கப்பல் கட்டுகிற ஊர்தான். ஆனால் அங்கே வேலை ஆணிக்கு மாறி நாளாகியிருந்தது. மரமும் கயிறும் தைக்கிற ஆளும் அரபிக்கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் போக வேண்டியிருந்தது. மலபாரிலிருந்து அயனி மரம் (ஆஞ்சிலி என்றும் சொல்வார்கள்). லட்சத்தீவுக் கயிறு, ஏறத்தாழ 400 மைல் நீளத்துக்கு. சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலுள்ள சாலைத்தூரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி வேலையில் கெடு வைப்பது காற்று. வடகிழக்குக் காற்றில் ஓமானிலிருந்து மலபாருக்கு வரலாம். கிழக்கே சுமத்ராவுக்குப் போகத் தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். 1980 நவம்பரில் மஸ்கட்டை விட்டால்தான் கணக்குச் சரிவரும். அதே 1980, சுல்தான் பட்டமேறிய பத்தாம் ஆண்டும்கூட. ஒரே கெடுவுக்குள் காற்றின் நாட்காட்டியும் அரசின் நாட்காட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டன. தைக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: இன்னும் இத்தனை பலகை, இன்னும் இத்தனை நாள். கப்பல் நவம்பரில் கிளம்பி, கோழிக்கோடு, இலங்கை, சுமத்ரா, சிங்கப்பூர் வழியாக 1981 ஜூலையில் கான்டன் சேர்ந்தது. செவெரினின் புத்தகம் அடுத்த வருஷம் வந்தது.

அட்டையில் ஒரு பெயர்தான் இருக்க முடியும். அது புத்தக வியாபாரத்தின் விதி. ஆனால் தையலுக்கு வேண்டிய ஆட்களோடு ஓமான் போய் அந்த வேலையை நடத்தியவர் மினிக்காய்த் தீவைச் சேர்ந்த அலி மணிக்ஃபான். இவர் நமக்கு அந்நியர் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 1960 முதல் வேலை பார்த்தவர். பக்கத்தில் வேதாளையில் குடியிருந்தவர். முறையான பட்டப்படிப்பு இல்லாதவர். ஒரு மீன் வகைக்கு அவர் பெயரை அறிவியலில் வைத்திருக்கிறார்கள். 2021இல் பத்மஸ்ரீ வந்தது. மீனுக்குப் பெயர் வைத்த அறிவியலும் விருது கொடுத்த அரசும் அவரைத் 'தானே கற்ற மேதை' என்கிற சட்டகத்துக்குள் அடைத்துவிடுகின்றன. தானே கற்றார் என்பதும் பாதி உண்மைதான். மினிக்காய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டிகள். கடலோடிகள் நிறைந்த ஒரு தீவு அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. தீவுக்குப் பட்டமளிப்பு விழா கிடையாது, அதனால் நமக்கு அது பள்ளிக்கூடமாகத் தெரிவதில்லை.

4

400 மைல் கயிறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டேன். திட்டக் கணக்கிலும் இப்படித்தான் வரும்: மரம் இவ்வளவு, கயிறு இவ்வளவு. கயிறு 'பொருள்' பத்தியில் போய் விழுந்துவிடுகிறது. ஆனால் கயிறு என்பது உறைந்துபோன உழைப்பு. மட்டையை மாசக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; எடுத்துத் தடியால் அடித்து நாரைப் பிரிக்க வேண்டும்; உள்ளங்கையில் உருட்டித் திரிக்க வேண்டும். கேரளக் கரையிலும் லட்சத்தீவிலும் இதைப் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். கப்பலைக் கட்டிய ஆண்களின் பெயராவது எங்கேயோ ஓர் ஓரத்தில் வந்துவிடும். கயிறு திரித்தவளின் பெயர் வருகிற இடம் என்று ஒன்று கணக்கேட்டிலேயே இல்லை.

இந்தக் கயிற்றுக்கு அரசியல் வரலாறும் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே கண்ணூர் அரக்கல் அரசர்கள் தீவுக் கயிற்றை ஏகபோகமாக்கினார்கள். தீவுக்காரர்கள் கயிற்றை அரசுக்கு மட்டும்தான் தர வேண்டும்; பதிலுக்கு அரிசி; விலை வைப்பவன் வாங்குகிறவன். திப்பு சுல்தானுக்குப் பிறகு அமினித் தீவுகள் கும்பினி கைக்குப் போனபோது ஏகபோகமும் கைமாறியது. ஆள்தான் மாறினான், தராசு மாறவில்லை. ஆகவே 'பாரம்பரியத் தொழில்நுட்பம்' என்று இன்று பூரித்துப் பேசப்படுகிற பொருள், கட்டாயக் கொள்முதலில் முறுக்கேறி வந்தது. அரிசிக்காகத் திரித்த கயிறு அது. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள்ளே இந்தப் பசியைப் போட்டு மூடிவிடக் கூடாது.

5

இரண்டாவது கப்பலின் கதை வேறு மாதிரி. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கருகே மீனவர்கள் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான்கள். அதன் பலகைகள் கயிற்றால் தைத்தவை. சோஹாருக்குக் கதையும் ஊகமும்தான் ஆதாரம். இங்கே மரத்துண்டுகளே கிடைத்துவிட்டன. ஓமான் அரசு அதை முன்மாதிரியாக வைத்து 18 மீட்டர் நீளக் கப்பலொன்றைக் கட்டியது. மஸ்கட் அருகே கந்தாப் கடற்கரையில் 2008இல் வேலை தொடங்கியது. டாம் வாஸ்மர் என்ற கடல் தொல்லியலாளர் கட்டுமானத்தை நடத்தினார். ஒரிஜினல் மரத்தின் வகையையே தேடிக் கானாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 37,000 துளைகள் என்று எண்ணிச் சொல்கிறார்கள். 2010 பிப்ரவரியில் கிளம்பி, கொச்சி, காலி வழியாக ஜூலையில் சிங்கப்பூர் சேர்ந்து, அந்த நாட்டுக்கே கொடையானது.

துளையை எண்ணிவைத்தது நல்ல காரியம். சோஹாரை விட இந்தத் திட்டம் எவ்வளவோ கவனமாக ஆவணப்படுத்தப்பட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இங்கேயும் கயிற்றைப் பிடித்துத் தைக்கக் கேரளத்திலிருந்துதான் ஆள் போயிற்று. கடலடியில் கிடைத்த மரத்துண்டு 'என்ன' தைக்கப்பட்டது என்று சொல்லும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அதிகம் இறுக்கினால் கயிறு பலகை விளிம்பை அறுக்கும், குறைந்தால் தண்ணீர் வரும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவு யாரோ ஒருவருடைய தோளில் இருக்கிறது. ஆவணம் அந்தத் தோளைப் படம் பிடிக்கலாம், தோளாக ஆகிவிட முடியாது.

6

மூன்றாவது நம் வீட்டுக் கதை. 2023 ஜூலையில் மத்தியக் கலாச்சார அமைச்சகம், கடற்படை, கோவாவிலுள்ள ஹோடி இன்னவேஷன்ஸ் என்ற நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. பணம் அமைச்சகத்துடையது. செப்டம்பர் 12ஆம் தேதி ஏரா வைத்தார்கள். தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள். தலைமை பாபு சங்கரன். 2025 பிப்ரவரியில் கப்பல் தண்ணீரில் இறங்கியது. மே 21இல் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. டிசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து கிளம்பி 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

இதற்கு மாதிரி, ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியத்திலுள்ள கப்பல். ஓவியன் கப்பல் கட்டுவதற்காக வரையவில்லை. அவன் சுவரில் தீட்டிய உருவத்திலிருந்து உடம்பின் வடிவை ஊகித்து, கடற்படை அதற்குத் தொழில்நுட்ப உருவம் கொடுத்து, சிறிய மாதிரியைச் சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையில் சோதித்தார்கள். இதுவும் தேவைதான். மாலுமிகளின் உயிர் இருக்கிறது. 'ஓடாவியின் கண் போதும்' என்று எந்தக் கடற்படையும் கையெழுத்துப் போடாது. கவனிக்க வேண்டியது வேறு. படம் கடைசியில் வருகிற ஒரு தொழிலுக்குள் படத்தை முதலில் வைத்தார்கள். வைத்ததுமே 'வடிவமைப்பு', 'சரிபார்ப்பு', 'கட்டுமானம்' என்று வேலை மூன்றாகப் பிரிகிறது. தைத்த கைகள் மூன்றாவதில் போய் நிற்கின்றன. பாபு சங்கரன் பெயரை அரசுச் செய்திக்குறிப்பு சொல்கிறது. அதை மறைக்கக் கூடாது. மற்றவர்கள் 'குழு' என்ற சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

கப்பலின் மேல் ஏறியிருக்கும் சின்னங்களைப் பாருங்கள். பாயில் கண்டபேருண்டமும் சூரியனும். முன் அணியத்தில் சிம்ம யாளி. தளத்தில் ஹரப்பா பாணிக் கல் நங்கூரம். உடம்பு அஜந்தா. மூவாயிரம் வருஷத்துக்குமேல் பரவிக் கிடக்கிற, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காலங்களையும் இடங்களையும் ஒரே பலகையில் தைத்திருக்கிறார்கள். இதுதான் அசல் தையல். இதைச் செய்தது தேசம் என்கிற கதையாடல்.

பெயரையும் பாருங்கள். கௌண்டின்யன் கடல் கடந்து போய் நாகராஜன் மகள் சோமாவை மணந்து அரச வம்சம் தொடங்கிய பிராமணன் என்பது தென்கிழக்காசியக் கதை. 658ஆம் ஆண்டின் மிசோன் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அதே பிராமணன் கடல் கடந்தால் சாதி கெடும் என்று பட்டியலில் முதலில் வைப்பது போதாயன தர்மசூத்திரம். மனிதனோடு நிற்கவும் இல்லை. போஜன் பெயரில் வழங்கும் 'யுக்திகல்பதரு' மரத்துக்கே நாலு வருணம் பிரிக்கிறது. கப்பலுக்குச் சத்திரிய மரம் உசத்தி. சாதி கலந்த மரத்தில் கட்டிய கப்பல் உருப்படாது. இந்த நூலை 1912இல் ராதாகுமுத் முகர்ஜி தமது இந்தியக் கப்பல் வரலாற்றில் தேசப் பெருமைக்குச் சான்றாக எடுத்து வைத்தார். காலனிய எதிர்ப்புக்கு அன்று அது ஆயுதமாக இருந்தது, சரி. ஆனால் மரத்தின் சாதியைச் சொன்ன பிரதிக்கு மரத்தை இழைத்தவன் யாரென்று சொல்லத் தோன்றவில்லை. நம் பக்கமும் யோக்கியம் இல்லை. 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சிட்ட 'கப்பல் சாத்திரம்' மரத்திலுள்ள கணுக்களுக்குப் பலன் சொல்வதில் காட்டுகிற அக்கறையைக் கை வேலைக்குக் காட்டவில்லை. எழுதத் தெரிந்தவன் கையில் தச்சு சோதிடமாகிவிடுகிறது.

7

ஒரு சின்னக் கணக்கு. சூர் கடற்கரையில் 1980இல் இருபத்தைந்து வயதில் கயிறு பிடித்த ஒருவனுக்கு, கந்தாப்பில் அடுத்த கப்பல் தொடங்கும்போது ஐம்பத்துமூன்று. கோவாவில் ஏரா வைக்கும்போது அறுபத்தெட்டு. இடையிலுள்ள வருஷங்களில் இந்த வேலை எப்படிச் சாகாமல் இருந்தது? அரசுகளின் மாபெரும் திட்டங்கள் அதைக் காப்பாற்றவில்லை. கேரளத்துக் காயலில் நெல்லும் சரக்கும் ஏற்றிய கெட்டுவள்ளம் காப்பாற்றியது. சரக்கு லாரிக்குப் போன பிறகு, கெட்டுவள்ளத்தைச் சுற்றுலாப் படகாக மாற்றிய வியாபாரம் காப்பாற்றியது. நாலு பேர் சாதாரணமாக வந்து 'எனக்கொரு படகு வேணும்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிற வரைக்கும்தான் ஒரு தொழில் உயிரோடு இருக்கும். பெரிய திட்டம் அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது. எடுத்ததைத் திருப்பி வைக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கேட்பதற்குக் கப்பல் சாத்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. இப்படியொரு திட்டத்துக்குப் பொதுப்பணம் போகும்போது, எத்தனை பேர் தைத்தார்கள், அவர்கள் பெயர் என்ன, கூலி என்ன, கயிறு எந்த ஊரில் யார் திரித்தது, வேலை முடிந்தபோது புதிதாக எத்தனை பேர் தைக்கக் கற்றிருந்தார்கள் என்ற ஐந்து வரி கணக்கில் இருக்க வேண்டும். கடைசி வரி பூஜ்யம் என்றால் கட்டியது கப்பலே அல்ல, சிலை. சோஹார் இன்று மஸ்கட்டில் ஒரு சாலை ரவுண்டானாவில் நிற்கிறது. அழகாகத்தான் இருக்கும்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி என்று ஐந்து சொல்லை எங்களுக்கு மனப்பாடம் பண்ண வைத்தார்கள். ஏரா, வங்கு, அணியம், ஓடாவி என்கிற சொற்களை அங்கே யாரும் சொல்லவில்லை. முதல் பட்டியல் கப்பலைப் பார்த்துப் பாடியவனுடையது, இரண்டாவது கட்டியவனுடையது. மசூலா படகு அலை தாண்டிய அதே மெரினா மணலில் இன்று கண்ணாடி இழைப் படகுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதற்காக மீனவர்களிடம் வருத்தப்பட நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கு விடியற்காலையில் கடலுக்குப் போயாக வேண்டும். அடுத்த தடவை யாராவது சோழர் கப்பலைக் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தால் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தைக்கப்போவது யாரு, அவங்க பேரு என்ன, அதை முதல்ல சொல்லுங்க என்று கேட்போம்.